புது டயர் போட்ட பின் வாகனம் ஒரு பக்கம் இழுப்பது ஏன்?

கொச்சிக்கடை, கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிப் பக்கங்களில் காலையில் ஓடும் பாடசாலை வான்களிலும் முச்சக்கரவண்டிகளிலும் சிலவற்றை இன்று பெண்களே ஓட்டுகிறார்கள். யுத்தத்தில் கணவரை இழந்தவர்கள், காணாமற் போனவரைத் தேடித் தேடி ஓய்ந்தவர்கள், அங்கவீனமுற்ற கணவரைப் பராமரிப்பவர்கள் எனப் பலர் இவர்களுள் இருக்கிறார்கள். வாகனம் ஓடப் பழகிவிட்டோம், லைசன்சும் எடுத்துவிட்டோம். ஆனால் வாகனத்தில் ஒரு கோளாறு வந்தால் கராஜில் சொல்வதைக் கேட்டுக்கொண்டு காசைக் கொடுத்துவிட்டு வருவதே எம்மிற் பலரின் நிலை.

வன்னியிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் வாழும் ஒரு சகோதரி, கடனுக்கு வாங்கிய பழைய வானில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்குகிறார். முன்பக்க டயர் இரண்டையும் புதிதாக மாற்றிய மறுநாளே வான் இடது பக்கம் இழுக்கத் தொடங்கியது. திரும்பிப் போய்க் கேட்டபோது, "உங்களுக்கு ஓடத் தெரியாது அக்கா, ரோடு அப்படித்தான்" என்றார்களாம். பின்னர் இரண்டு தடவை வீல் எலைன்மென்ட் செய்தார். இரண்டு தடவையும் காசு போனது, இழுவை போகவில்லை. கடைசியில் அனுபவமுள்ள ஒரு மெக்கானிக் முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டுப் பார்த்தார். வான் இப்போது வலது பக்கம் இழுத்தது. பிழை ரோட்டிலும் இல்லை, ஓடியவரிலும் இல்லை. ஒரு டயரிலேயே இருந்தது.

இந்தச் சோதனையை அவர் முதலிலேயே அறிந்திருந்தால் இரண்டு முறை காசு கொடுத்திருக்க மாட்டார். பன்னிரண்டு பிள்ளைகளோடு ஸ்டியரிங்கை இழுத்துப் பிடித்தபடி இரண்டு வாரம் ஓடியிருக்கவும் மாட்டார். ஆகவே இந்த விடயத்தைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பழைய டயரில் இல்லாத இழுவை எப்படி வந்தது?

எல்லோரும் கேட்கும் கேள்வி இதுதான். நாளாந்தம் போடும் செருப்பை எடுத்துப் பாருங்கள். எமது நடைக்கு ஏற்ப அது ஒரு பக்கம் தேய்ந்திருக்கும். புதுச் செருப்புப் போட்ட முதல் நாள் நடையே வித்தியாசமாகத் தெரியும். டயரும் அப்படித்தான். சில்லுகளின் சரிவிலோ திசையிலோ சிறு பிழை இருந்தால், பழைய டயர் அந்தப் பிழைக்கு ஏற்றபடி தேய்ந்து அதை மறைத்திருக்கும். முழுத் தடிப்புள்ள புது டயர் வந்ததும் மறைந்திருந்தது வெளியே வருகிறது. சில வேளைகளில் பழைய டயரின் இழுவையும் எலைன்மென்ட் பிழையும் ஒன்றையொன்று சமப்படுத்திக்கொண்டு இருந்திருக்கும். ஒன்றை மாற்றியதும் மற்றது தனித்து நிற்கிறது.

எனவே 'புது டயர்தான் பிழை' என்றும் சொல்லிவிட முடியாது, 'டயரில் பிழையே இல்லை' என்றும் சொல்லிவிட முடியாது. படிப்படியாகப் பார்க்க வேண்டும். செலவில்லாததை முதலிலும் செலவுள்ளதைக் கடைசியிலும் பார்ப்பது எமக்கு நல்லது.

முதலாவது: காற்று

டயரைச் சில்லில் இறுக்கமாகப் பொருத்துவதற்காகக் கடையில் முதலில் கூடுதலாகக் காற்று அடிப்பார்கள். பின்னர் உரிய அளவுக்குக் குறைக்க வேண்டும். அவசரத்தில் ஒன்றில் கூடவும் மற்றதில் குறையவும் விட்டுவிடுவதுண்டு. காற்றுக் குறைந்த சில்லு உருளக் கஷ்டப்படும். வாகனம் அந்தப் பக்கமே சாயும். ஒரு பக்கம் காற்றிறங்கிய தள்ளுவண்டியைத் தள்ளியவர்களுக்கு இது புரியும்.

சரியான அளவு எது என்பது பெரும்பாலான வாகனங்களில் சாரதியின் கதவோரம் ஒட்டப்பட்டிருக்கும். சிறிய கார்களுக்குச் சாதாரணமாக 30 முதல் 35 இறாத்தல் வரை வரும், வானுக்குக் கூடலாம். வாகனம் ஓடிச் சூடாகும் முன்னர், காலையில், நான்கு சில்லுகளையும் பாருங்கள். முன் இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பல இழுவைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது: இரண்டும் ஒரே சோடியா?

டயரின் பக்கச் சுவரில் 175/65 ஆர் 14 என்பது போல ஓர் இலக்கம் இருக்கும். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீற்றரில். இரண்டாவது, அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச் சுவரின் உயரம் என்பது. கடைசி எண், டயர் பொருந்தும் சில்லின் விட்டம், அங்குலத்தில். முன் இரண்டிலும் இந்த இலக்கமும், கம்பனியும், பூ வெட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று புதிது, மற்றது ரீபில்ட் பண்ணியது என்று முன்னால் போட்டால் வாகனம் நேராக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது.

சில டயர்களில் உருள வேண்டிய திசையைக் காட்டும் அம்புக்குறி உண்டு. வாகனம் முன்னோக்கிப் போகும்போது சில்லு சுற்றும் திசையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னுமொன்று. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2318 என்றால் 2018ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று அர்த்தம். கடையில் 'புதிது' என்று தருவது பல வருடம் கிடந்து இறுகிய றப்பராகவும் இருக்கலாம். வாங்கும் முன்னரே வாசித்துப் பாருங்கள்.

மூன்றாவது: ரோட்டின் சரிவு

மழைத்தண்ணீர் வடிவதற்காக வீதிகளை நடுவில் உயர்த்தி ஓரங்களில் தாழ்த்திப் போடுவார்கள். நாம் இடது பக்கம் ஓடுவதால் எமது வாகனம் எப்போதும் இடது பக்கச் சரிவிலேயே நிற்கிறது. ஆகையால் இடது பக்கம் மெதுவாகச் சாய்வது இயல்பு. கடைக்காரர் சொன்னதில் அந்த அளவு உண்மை உண்டு. ஆனால் மட்டமான இடத்திலும் இழுத்தால், அல்லது சரிவுக்கு எதிராக வலது பக்கம் இழுத்தால், அது ரோட்டின் வேலை அல்ல. சன நடமாட்டமில்லாத மட்டமான இடத்தில், மெதுவாக, பிடியைச் சற்றுத் தளர்த்திப் பாருங்கள். கையை முற்றாக எடுக்க வேண்டாம்.

நான்காவது: பக்கம் மாற்றிப் பார்த்தல்

இதுதான் முக்கியமான சோதனை. காலிமுகத்திடலில் கச்சான் சுற்றித் தரும் கடதாசிச் சுருளைத் தரையில் உருட்டிப் பாருங்கள். அது நேரே போகாது, வட்டமடிக்கும். ஒரு பக்கம் பெரிதாகவும் மறுபக்கம் சிறிதாகவும் இருப்பதே காரணம். டயருக்குள் உருக்குக் கம்பிப் பட்டிகள் இருக்கின்றன. தயாரிக்கும்போது அவை நடுவிலிருந்து சிறிது விலகிவிட்டால், வெளியே பார்க்க நல்ல டயராகத் தெரிந்தாலும் உருளும்போது கச்சான் சுருளின் குணத்தைக் காட்டும். பெயர் பெற்ற கம்பனி டயரிலும் இது வரக்கூடும்.

முன் இரண்டு சில்லுகளையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு அதே ரோட்டில் ஓடுங்கள். இழுவை மற்றப் பக்கத்துக்கு மாறினால் பிழை டயரில். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் பிழை வாகனத்தில். அம்புக்குறி உள்ள டயரைப் பக்கம் மாற்றக் கூடாது. முன்னும் பின்னும் ஒரே அளவு டயரென்றால், அதே பக்கத்தில் முன்னதைப் பின்னும் பின்னதை முன்னும் போட்டுப் பார்க்கலாம். இழுவை நின்றால் டயரே காரணம். மாற்றிய பின் காற்றைத் திரும்பவும் சரிபார்க்க வேண்டும்.

டயரில் பிழை என்று தெரிந்தால் பற்றுச்சீட்டோடு கடைக்குப் போய், சோதித்த முறையைச் சொல்லி, மாற்றித் தரும்படி கேளுங்கள். 'இழுக்குது' என்று மட்டும் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'பக்கம் மாற்றினேன், இழுவையும் பக்கம் மாறியது' என்றால் அவ்வளவு இலகுவாக அனுப்ப முடியாது.

ஐந்தாவது: வாகனத்தின் பிழை

பிரேக் ஒரு பக்கம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாலும் வாகனம் அந்தப் பக்கம் இழுக்கும். சிறிது தூரம் ஓடி நிறுத்தி, முன் சில்லுகளின் அருகே கையைக் கொண்டு போங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால், கருகிய மணம் வந்தால், அது பிரேக். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுத்தாலும் அப்படியே. இதைத் தள்ளிப் போடக் கூடாது.

பிரேக் சரியென்றால் எலைன்மென்ட். சிலர் பாதத்தை உள்ளே திருப்பி நடப்பார்கள், சிலருக்குக் கால் வளைந்திருக்கும். சில்லுகளுக்கும் அத்தகைய கோணங்கள் உண்டு. கிடங்கில் விழுந்து எழும் வாகனங்களில் இவை மாறிவிடும். எலைன்மென்ட் செய்ய முன்னர் ஸ்டியரிங் மூட்டுகளும் றப்பர் புஷ்களும் தேய்ந்துள்ளனவா என்று பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த மூட்டின் மேல் செய்த எலைன்மென்ட் நிலைக்காது. செய்வதற்கு முன்னிருந்த அளவும் பின்னர் வந்த அளவும் உள்ள சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கணனியில் செய்யும் இடங்களில் அதை அச்சிட்டுத் தர முடியும்.

வேகமாக ஓடும்போது ஸ்டியரிங் நடுங்கினால் அது இழுவை அல்ல. வீல் பலன்சிங் செய்யாத பிழை. இரண்டையும் குழப்பிக்கொண்டால் வேண்டாத வேலைக்குக் காசு போகும்.

இரண்டு டயர் வாங்கவே வசதியென்றால்

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடையில் 2022இன் பொருளாதார நெருக்கடியும் வந்தது. பழைய வாகனங்களையே இழுத்துப் பறித்து ஓட்டினோம். நான்கு டயரையும் ஒன்றாக மாற்றுவது எமக்கு இலகுவல்ல. இரண்டு மட்டும் மாற்றுவதானால் முன்னால் போடுவதே இங்கு வழக்கம். ஆனால் புதியவற்றைப் பின்னால் போடும்படியே டயர் கம்பனிகள் சொல்கின்றன. மழையில் பின் சில்லு வழுக்கினால் வாகனம் சுழன்றுவிடும். முன் சில்லு வழுக்குவதைவிட அதைக் கட்டுப்படுத்துவது கடினம். முன்னால் வரும் பழையவையும் நல்ல சோடியாக இருக்க வேண்டும். பூ 1.6 மில்லிமீற்றருக்குத் தேய்ந்துவிட்டால் அந்த டயர் எந்த இடத்துக்கும் உதவாது.

டயர் மாற்றி 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடிய பின் சில்லு நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும். ஏ-9 வீதியில் ஊருக்குப் புறப்படும் முன்னர் இதை மறக்க வேண்டாம். நீண்ட பயணத்தில் இழுக்கும் ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துக் கை சோரும். கை சோரும் நேரம் எதிரே லொறி வரும். ஓடிக்கொண்டிருக்கையில் திடீரென இழுத்தால் காற்றுப் போயிருக்கலாம். பிரேக்கைச் சட்டென்று மிதிக்காமல், ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் குறைந்த பின் ஓரங்கட்டுங்கள்.

இது ஆண்களின் வேலையா?

மோட்டார் வாகனத்தில் முதன் முதலாக நெடுந்தூரம் போனவர் ஒரு பெண். 1888 ஆகஸ்டில் ஜேர்மனியில் பேர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய வாகனத்தை அவருக்குச் சொல்லாமலே எடுத்துக்கொண்டு, இரு மகன்மாருடன் மான்ஹைமிலிருந்து போட்சைம் வரை ஏறத்தாழ 106 கிலோமீற்றர் ஓடினார். வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்தபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். பிரேக் தேய்ந்தபோது சப்பாத்துத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிப்பித்தார்.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். 1876இல் ஹேனரத்கொடவில் றப்பர் கன்றுகள் நடப்பட்ட பின்னர் இந்த நாட்டில் றப்பர்த் தோட்டங்கள் பெருகின. விடியமுன் எழுந்து அந்த மரங்களில் பால் வெட்டியவர்களில் எமது மலையகப் பெண்கள் எத்தனை பேர்! டயரின் மூலப்பொருளே பெண்களின் கையால் வந்தது. அந்த டயரைப் பற்றிக் கேள்வி கேட்கப் பெண்ணுக்கு உரிமையில்லையா?

ஓடுகிறவருக்கே வாகனத்தின் மாற்றம் முதலில் தெரியும். உங்கள் கைக்குத் தெரிந்ததை மற்றவர் மறுத்தால் விட்டுக்கொடுக்காதீர்கள். எப்போது இழுக்கிறது, எந்தப் பக்கம், பிரேக் மிதிக்கும்போதா, எல்லா ரோட்டிலுமா என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு கராஜுக்குப் போங்கள். வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள், கேளுங்கள். உங்களோடு ஓடும் மற்றச் சகோதரிகளுக்கும் சொல்லிக் கொடுங்கள்.