தெளிவே அளவுகோல்!

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று நம் வீடுகளில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. தொடக்கப் பள்ளிக் குழந்தையைப் பொறுத்தவரை உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரே விடையைத் தெளிவாக ஒரு தாளிலும் கிறுக்கலாக மற்றொரு தாளிலும் எழுதித் திருத்தக் கொடுத்தால், தெளிவான தாளுக்கே கூடுதல் மதிப்பெண் கிடைக்கிறது என்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. என்ன எழுதினோம் என்பதைவிட எப்படி எழுதினோம் என்பதே சில வேளைகளில் ஒரு குழந்தையின் அறிவுக்கு அளவுகோலாகிவிடுகிறது.

இத்தனை முக்கியமான ஒன்றுக்குப் பல பள்ளிகளில் வரையறை என்று எதுவும் இல்லை. 'அழகாக எழுது', 'சுத்தமாக எழுது' என்கிற கட்டளை மட்டுமே இருக்கிறது. அழகு என்றால் என்ன என்று ஏழு வயதுக் குழந்தைக்கு யாரும் விளக்குவதில்லை. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் பாராட்டிய எழுத்தை நான்காம் வகுப்பு ஆசிரியர் குறைகூறினால், குழந்தைக்கு மிஞ்சுவது குழப்பமும் அச்சமும்தான்.

எனவே, நேர்த்தியான கையெழுத்துக்கும் நோட்டுப் புத்தகத்தைப் பேணும் முறைக்கும் பள்ளிதோறும் எழுதி வைத்த வரையறை தேவை. அந்த வரையறை அழகிலிருந்து தொடங்கக் கூடாது. படிப்பவரின் வசதியிலிருந்து தொடங்க வேண்டும். எழுதியதைப் பிறர் தடையின்றிப் படிக்க முடிகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

தமிழ் எழுத்தின் வரலாறே இதற்குச் சான்று. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர, ஒகரங்கள் குறிலா, நெடிலா என்பதையும், ஓர் எழுத்து மெய்யா, உயிர்மெய்யா என்பதையும் படிப்பவர்தான் இடம் பார்த்து உணர வேண்டியிருந்தது. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறிலையும் நெடிலையும் வேறுபடுத்திக் காட்டும் வடிவங்களைப் புகுத்தியதாகச் சொல்லப்படுவது இந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான். 1978-இல் தமிழக அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம், ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் தனி வடிவங்களை நீக்கிக் கற்பதையும் அச்சிடுவதையும் எளிதாக்கியது. எழுத்தின் வடிவம் மாறியபோதெல்லாம் தெளிவும் எளிமையுமே நோக்கமாக இருந்தன.

தமிழில் ஒரு சுழியும் ஒரு புள்ளியும் பொருளையே மாற்றிவிடும். 'பல்' என்பதில் புள்ளி விடுபட்டால் 'பல' ஆகிவிடும். 'கொடு' என்பதற்கும் 'கோடு' என்பதற்கும் இடையே உள்ளது ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே. ரகரத்தின் அடிக்கோட்டைச் சாய்த்து முடிக்காவிட்டால் அது துணைக்காலாகத் தோன்றும். 'மரம்' என்ற சொல் 'மாம்' என்று படிக்கப்படும். மூன்று சுழி ணகரமும் இரண்டு சுழி னகரமும் அவசரக் கையில் ஒன்றுபோல் ஆகிவிடுகின்றன. இவற்றில் எதுவும் அழகு பற்றிய பிரச்னை அன்று; எழுதியவர் சொல்ல வந்தது போய்ச் சேர்ந்ததா என்கிற பிரச்னை.

கணக்குப் பாடத்தில் இது இன்னும் வெளிப்படை. 305-உடன் 47-ஐக் கூட்டும் குழந்தை, 7-ஐ ஒன்றின் இடத்தில் எழுதாமல் பத்தின் இடத்தில் எழுதிவிட்டால், 352 வர வேண்டிய இடத்தில் 775 வரும். கூட்டத் தெரிந்த குழந்தைக்கும் சுழியம் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம், ஒன்றின் கீழ் ஒன்று, பத்தின் கீழ் பத்து என்னும் ஒழுங்கு நோட்டை அலங்கரிப்பதற்காக அன்று. இடமதிப்பைப் புரிந்துகொள்வதற்கான வழியே அது.

கையெழுத்துக்கும் சிந்தனைக்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. ஒவ்வோர் எழுத்தையும் எங்கே தொடங்கி எப்படி வளைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கும் குழந்தையின் கவனம் முழுவதும் கையிலேயே இருக்கும். சொல்ல வந்த கருத்து நழுவிவிடும். எழுத்து வடிவம் கைக்குப் பழகிவிட்டால் மனம் கருத்தின் பக்கம் திரும்பும். வாக்கியம் நீளும், சொல் வளம் பெருகும். தொடக்க வகுப்புகளில் கையெழுத்துப் பயிற்சி தேவைப்படுவதற்கு இதுவே முதன்மையான காரணம்.

கணினிக் காலத்தில் இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஃபின்லாந்து 2016-இல் சேர்த்தெழுதும் முறையைக் கட்டாயப் பாடத்திலிருந்து விலக்கியது உண்மைதான். ஆனால், தனித்தனி எழுத்துகளாகக் கையால் எழுதக் கற்பிப்பதை அது கைவிடவில்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாகாணமோ 2023-இல் சட்டம் இயற்றி, தொடக்க வகுப்புகளில் சேர்த்தெழுதுவதை மீண்டும் கொண்டுவந்தது. நம் நாட்டில் பொதுத் தேர்வுகள் இன்றும் பேனாவால் எழுதப்படுகின்றன. மருத்துவர்கள் மருந்துச் சீட்டைப் படிக்கும்படி எழுத வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-இல் தன் விதியைத் திருத்த நேர்ந்ததையும் மறக்க வேண்டியதில்லை.

வரையறை எப்படி அமைய வேண்டும்? இங்கிலாந்தின் மதிப்பீட்டு முறை ஒரு நல்ல முன்மாதிரி. அங்கே ஏழு வயதுக் குழந்தையிடம் எழுத்துகள் சரியான அளவிலும் திசையிலும் இருக்கின்றனவா, சொற்களுக்கு இடையே எழுத்தின் அளவுக்கேற்ற இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 11 வயதில், வேகமாகச் சேர்த்தெழுதும்போதும் படிக்கும் தெளிவு குலையாமல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 'அழகு' என்கிற சொல்லுக்கே அங்கு வேலை இல்லை. கண்ணால் பார்த்துச் சரிபார்க்கக் கூடியவை மட்டுமே உள்ளன.

நம் பள்ளிகளுக்கும் வகுப்புக்கேற்ப இப்படி வகுக்கலாம். முதல் வகுப்பில் பென்சிலைப் பிடிக்கும் முறை, ஒவ்வோர் எழுத்தையும் தொடங்கும் இடம், சுழிக்கும் திசை ஆகியவை போதும். இரண்டாம் வகுப்பில் கோட்டின் மீது எழுதுதல், சொல் இடைவெளி, புள்ளியையும் கொம்பையும் விடாதிருத்தல். மூன்றாம் வகுப்பில் தேதி, தலைப்பு, வினா எண், இடப்பக்க ஓரம் ஆகியவற்றைப் பேணுதல். நான்கு, ஐந்தாம் வகுப்புகளில் தெளிவு குறையாத வேகம். ஒரு வகுப்புக்கு நான்கைந்து விதிகளுக்கு மேல் வேண்டாம். அவை எல்லாப் பாட நோட்டுகளுக்கும் பொருந்த வேண்டும். ஆசிரியர் மாறினாலும் மாறக் கூடாது.

பிழையைத் திருத்தும் முறைக்கும் ஒரு விதி தேவை. தாள் கிழியும்வரை அழிப்பதும், எழுத்தின் மேல் எழுத்தாகத் தடித்து எழுதுவதும் பிழை செய்ய அஞ்சுவதன் அடையாளங்கள். பிழையை ஒரே கோட்டால் அடித்துவிட்டு அருகில் சரியாக எழுதினால் போதும் என்று சொல்லிவிட்டால், பக்கமும் தெளிவாக இருக்கும். எங்கே தவறியது என்பது ஆசிரியருக்கும் தெரியும். யோசித்து எழுதும் முதல் படிக்கு ஒரு நோட்டும், திருத்தி எழுதும் படிக்கு மற்றொரு நோட்டும் இருப்பது நல்லது. முதல் படியில் நேர்த்தியை எதிர்பார்க்கும் பள்ளியில், குழந்தைகள் அடித்தல் திருத்தல் இல்லாமல் இருப்பதற்காகவே குறைவாக எழுதப் பழகிவிடுகிறார்கள்.

வரையறை இருந்தால் மட்டும் போதாது. கற்பிக்க நேரமும் வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009-இன்படி, ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 கற்பித்தல் மணி நேரம். நாளொன்றுக்கு 10 நிமிஷம் கையெழுத்துக்கு ஒதுக்கினால் ஆண்டுக்கு ஏறத்தாழ 33 மணி நேரம். மொத்தத்தில் சுமார் 4 விழுக்காடு. இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் பள்ளியிலும் இது இயலக் கூடியதே. அந்தப் பத்து நிமிஷத்தில் ஒரு பக்கத்தை நிரப்பச் சொல்வதைவிட, ஆசிரியர் கரும்பலகையில் எழுதிக் காட்டும் ஓர் எழுத்தை ஐந்து முறை எழுதி, அதில் சிறந்தது எது என்று குழந்தையே வட்டமிடச் செய்வது பயன் தரும்.

நேர்த்தியான கையெழுத்தைக் கெடுக்கும் பழக்கம் ஒன்று நம்மிடையே இன்னும் மறையவில்லை. செய்த தவறுக்காக ஒரே வரியை நூறு முறை எழுதச் சொல்லும் 'இம்போசிஷன்'தான் அது. இருபதாவது வரியிலேயே விரல் வலிக்கும். ஐம்பதாவது வரியில் எழுத்து சிதையும். எழுதுவதையே தண்டனையாக்கிவிட்டு, எழுத்தை நேசிக்கும்படி குழந்தையிடம் எதிர்பார்ப்பது முறையாகாது.

அலங்காரத்தை நேர்த்தி என்று எண்ணுவதும் தவறு. பழுப்புத் தாள் அட்டை, வண்ணப் பேனா, கடையில் வாங்கி ஒட்டிய படங்கள், பெற்றோர் செய்து கொடுத்த செயல்திட்டம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரும்போது, நாம் மதிப்பிடுவது குடும்பத்தின் வசதியையே தவிர, குழந்தையின் உழைப்பை அன்று. வீட்டில் மேசை இல்லாமல், தரையில் குனிந்தும் தொடை மீது நோட்டை வைத்தும் எழுதும் குழந்தைகள் நம் அரசுப் பள்ளிகளில் ஏராளம். அரசு தரும் விலையில்லா நோட்டிலும் கூராகச் சீவிய பென்சிலிலும் எட்டக் கூடியதாகவே வரையறை இருக்க வேண்டும்.

எல்லாக் கைகளும் ஒன்றல்ல. பத்தில் ஒருவர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். அவர் நோட்டைச் சற்று வலப்பக்கம் சாய்த்து வைக்க இடம் தர வேண்டும். எழுதுவதில் மட்டும் விடாப்பிடியாகத் தடுமாறும் குழந்தைக்கு எழுத்தாற்றல் குறைபாடு இருக்கலாம். மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை ஏற்கிறது. அத்தகைய குழந்தைக்குத் தேவை கூடுதல் நேரமும் மருத்துவ ஆலோசனையும், திட்டு அன்று.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுத்தின் தெளிவுக்கான மதிப்பீடும் விடைக்கான மதிப்பெண்ணும் தனித்தனியே இருக்க வேண்டும். 'விடை சரி, ரகரத்தைக் கவனி' என்று ஆசிரியர் எழுதும் ஒரு குறிப்பு, சிவப்பு மையால் பக்கம் முழுவதும் போடும் கோட்டைவிட அதிகம் கற்பிக்கும். அந்தக் குறிப்பும் குழந்தை படிக்கும்படி இருக்க வேண்டும். கரும்பலகையும் ஆசிரியரின் திருத்தமுமே குழந்தை நாள்தோறும் காணும் மாதிரிகள் என்பதால், வரையறை முதலில் ஆசிரியருக்கே பொருந்தும்.

காந்தியடிகள் தம் மோசமான கையெழுத்துக்காகப் பின்னாளில் வருந்தியதைத் தன்வரலாற்றில் பதிவு செய்துள்ளார். திருத்த முயன்றபோது காலம் கடந்துவிட்டது என்பதும், எழுதும் முன் குழந்தைக்கு வரையக் கற்பிக்க வேண்டும் என்பதும் அவர் கருத்து.

தமிழகத்தில் 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், எட்டு வயதுக்குள் ஒவ்வொரு குழந்தையும் படிக்கவும் எழுதவும் அடிப்படைக் கணக்குகளைச் செய்யவும் வேண்டும் என்கிற இலக்கை முன்வைத்தது. கையெழுத்துக்கான எளிய வரையறையை அதனுடன் சேர்ப்பதற்குப் பெரும் செலவு ஆகாது. ஒவ்வொரு வகுப்பறைச் சுவரிலும் குழந்தைக்குப் புரியும் சொற்களில் ஐந்து வரிகள் எழுதி ஒட்டினால் போதும். தன்னிடம் எதிர்பார்ப்பது என்ன என்று தெரிந்த குழந்தை அதை எட்ட முயலும். அதைச் சொல்லித் தராமல் குறைகூறும் உரிமை பெரியவர்களுக்கு இல்லை.