நுண்மதி பற்றிய நம்பிக்கையும் பொறியியல் மாணவரின் தீர்மானமும்

கண்டி மாநகரிலிருந்து கொழும்பு வீதி வழியே செல்வோர் பேராதனையில் மகாவலி கங்கையைக் கடப்பர். அங்கே ஒரு காலத்தில் முதிரை மரத்தாலான பாலம் ஒன்று இருந்தது. பிரேசர் என்னும் பிரித்தானியப் படை அதிகாரி வகுத்த திட்டப்படி 1833ஆம் ஆண்டிற் கட்டி முடிக்கப்பட்ட அப்பாலம், ஆற்றின் நடுவே தூண் எதுவும் இன்றி, ஏறக்குறைய 205 அடி தூரத்தை ஒரே வளைவாகத் தாண்டி நின்றது. 1905இல் வேறொரு பாலம் அதன் இடத்தைப் பெறும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக மக்களையும் வண்டிகளையும் அது தாங்கியது. இவ்விடத்தில் எத்தகைய பாலம் அமைதல் வேண்டும் என்ற வினாவுக்கு எந்நூலிலும் விடை எழுதப்பட்டிருக்கவில்லை. ஆற்றின் அகலம், வெள்ளத்தின் வேகம், கிடைக்கும் மரம், தொழிலாளர் திறமை, செலவு ஆகிய யாவற்றையும் சீர்தூக்கிப் பல வழிகளுள் ஒன்றைத் தெரிந்து, அதன் விளைவுக்குப் பொறுப்பேற்பதே அமைப்போன் கடமையாயிற்று.

இவ்வாறு தெரிந்து துணிதலே பொறியியலின் உயிர்நிலையாகும். 1950ஆம் ஆண்டிற் கொழும்பில் தொடங்கப்பெற்று, பேராசிரியர் ஈ. ஓ. ஈ. பெரேராவை முதற் பீடாதிபதியாகக் கொண்ட இலங்கைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடம், 1964இற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. அன்றுதொட்டு மகாவலிக் கரையிலே கணிதமும் பௌதிகமும் மாத்திரமன்றி, தெரிந்து துணியும் இக்கலையும் பயிற்றப்பட்டு வருகின்றது. ஆயினும் இக்கலையைப் பயிலவரும் மாணவன் வெறுங்கையுடன் வருவதில்லை. அறிவு என்பது யாது, தனக்கு அது எவ்வளவு வாய்த்திருக்கின்றது என்பன பற்றிய சில நம்பிக்கைகளையும் உடன்கொண்டே வருகின்றான். அந்நம்பிக்கைகள் அவன் செய்யும் தீர்மானங்களை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நுண்மதி பற்றி மக்களிடையே இருவகை நம்பிக்கைகள் நிலவுகின்றன. பிறக்கும்போதே ஒருவனுக்கு இவ்வளவென அளந்து கொடுக்கப்பட்ட பொருள் அது என்பது ஒன்று. முயற்சியாலும் பயிற்சியாலும் நல்ல வழிகாட்டலாலும் வளரத்தக்கது என்பது மற்றொன்று. நுண்மதியை அளத்தற்குரிய முதற் சோதனையை 1905ஆம் ஆண்டிற் சீமோன் என்பாருடன் சேர்ந்து வகுத்த பிரெஞ்சு அறிஞர் அல்பிரட் பினே, அதனை மாறாத அளவெனக் கொண்டாரல்லர். அவ்வாறு கொள்வோரை 1909இல் வெளியிட்ட நூலில் அவர் கண்டித்தார். அளவுகோலை ஆக்கியவரே அளவு மாறாதென்ற கொள்கையை மறுத்தமை நினைவிற் கொள்ளத்தக்கது.

தமிழ் மரபிலும் இவ்விரு நோக்குகளும் அருகருகே காணப்படுகின்றன. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, தலைமாணாக்கரை அன்னத்துக்கும் பசுவுக்கும், இடைப்பட்டோரை மண்ணுக்கும் கிளிக்கும், கடைப்பட்டோரை ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்பவற்றுக்கும் ஒப்பிடுகின்றார். இதை மாத்திரம் படிப்போர், மாணாக்கர் தரம் பிறப்பிலேயே முடிந்த காரியம் என எண்ணுதல் கூடும். ஆனால் அதே பாயிரம் கற்கும் முறையைக் கூறுமிடத்து வேறொரு கணக்கைத் தருகின்றது. ஆசிரியன் உரைத்ததை நன்கு கொண்டாலும் மாணாக்கன் பெறுவது காற்பங்கே. உடன்பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கு சேரும். பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்பது அதன் கருத்து. புலமை என்பது ஒரேயடியாக வாய்ப்பதன்று, படிப்படியாகத் திரண்டு நிறைவது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இக்கால உளவியலாருள் இப்பொருளை விரிவாக ஆராய்ந்தவர் அமெரிக்க அறிஞர் கரோல் டுவெக் அம்மையார். கிளோடியா மியூலர் என்பாருடன் 1998இல் அவர் வெளியிட்ட ஆய்விலே, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுக்கப்பட்டன. நன்கு செய்தமைக்காக ஒரு சாரார் கெட்டிக்காரர் எனப் புகழப்பட்டனர். மற்றொரு சாரார் நன்கு முயன்றனர் எனப் புகழப்பட்டனர். பின்னர்க் கடினமான புதிர்களில் யாவரும் இடறினர். மீண்டும் தொடக்கத்திற் போன்ற எளிய புதிர்கள் கொடுக்கப்பட்டபோது, முயற்சிக்காகப் புகழப்பட்டோர் முன்னிலும் நன்றாகச் செய்தனர். மதிக்காகப் புகழப்பட்டோர் முன்னிலும் தாழ்ந்தனர். மதியே தன் பெருமை என்று நம்பிய பிள்ளைக்குத் தோல்வி ஒரு தீர்ப்பாகத் தோன்றிற்று; முயற்சியே பெருமை என்று நம்பிய பிள்ளைக்கோ அது ஒரு செய்தியாக அமைந்தது.

இனி, பொறியியல் வடிவமைப்பின் இயல்பை நோக்குதல் வேண்டும். கண்டியைச் சூழ்ந்த மலைச்சரிவொன்றில் ஒரு பாடசாலை இருப்பதாகக் கொள்வோம். அதன் பின்புறத்து மண்திட்டு மழைக்காலத்திற் கரைந்து வருகின்றது. அதைத் தடுக்க வழி காணுமாறு மாணவரிடம் கேட்கப்படுகின்றது. கொங்கிறீற்றுச் சுவர் எழுப்பலாம். கம்பிவலைக் கூடைகளிற் கல் நிரப்பி அடுக்கலாம். சரிவைப் படிகளாக வெட்டி வேரோடும் புல்லை நடலாம். மேலிருந்து வரும் நீரைக் கான் வெட்டித் திருப்பலாம். அன்றி வகுப்பறையையே வேறிடத்துக்கு மாற்றலாம். ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, குறையும் உண்டு. சுவரைத் தெரிந்தவன் அதன் பின்னே தேங்கும் நீர் வடிவதற்குத் துவாரங்கள் விட மறந்தால், மண்ணின் பாரத்துடன் நீரின் அழுத்தமும் சேர்ந்து அச்சுவரைத் தள்ளிவிடும். தேற்றங்களை நிறுவுவதுபோல ஒரே விடையை இங்கே நிறுவ இயலாது. அமெரிக்கப் பேரறிஞர் ஹேர்பேட் சைமன் கூறியவாறு, மிகச் சிறந்ததைத் தேடி முடிவின்றி அலையாமல், தேவைகளைப் போதிய அளவு நிறைவு செய்யும் ஒன்றிலே அமைவதே நடைமுறையிற் கூடுவதாகும்.

இத்தகைய வினாவை எதிர்ப்படும்போதே நுண்மதி பற்றிய நம்பிக்கை தன் வேலையைத் தொடங்குகின்றது. கெட்டித்தனம் என்பது விரைவாகச் சரியான விடை சொல்லுதல் என்று நம்பும் மாணவன், முதலில் தோன்றிய எண்ணத்தையே பற்றிக்கொள்ளத் தூண்டப்படுகின்றான். அதைக் கைவிடுதல் தன் மதியின் குறையை ஒப்புக்கொள்ளுதல் போலாகிவிடுகின்றது. அரைகுறையான வரைபடத்தைப் பிறர்க்குக் காட்டவும், தெரியாததைக் கேட்கவும், தன் அமைப்பின் பிழையைத் தானே தேடவும் அவன் நாணுகின்றான். அறிவு வளரத்தக்கது என்று நம்புவோனுக்கோ முதல் வரைபடம் ஒரு தொடக்கம் மாத்திரமே. அதிலுள்ள பிழை வெளிப்படுதல் அவனுக்கு இழப்பன்று, இலாபமேயாகும்.

முதலிற் கண்டதைப் பற்றிக்கொள்ளும் இயல்பு எவ்வளவு வலியது என்பதை ஜான்சன், சிமித் என்னும் இரு ஆய்வாளர் 1991இற் காட்டினர். சிந்தாத கோப்பிக் கிண்ணம் ஒன்றை அமைக்குமாறு பொறியியல் மாணவரிடம் கூறி, உறிஞ்சுகுழல் பயன்படுத்தலாகாது என்றும் விதித்தனர். அவர்களுள் ஒரு சாராருக்கு உறிஞ்சுகுழலுடன் கூடிய, குறைபாடுள்ள ஒரு மாதிரிப்படமும் காட்டப்பட்டது. விலக்கப்பட்ட அக்குழலே அம்மாணவர் பலரின் படங்களில் மீண்டும் தோன்றிற்று. மாதிரியைக் காணாதோரிடம் இக்குறை அவ்வளவாக இல்லை. அறிவுக்குறைவினால் இது நிகழவில்லை. கண்ட உருவம் சிந்தனையைத் தளையிட்டமையால் நிகழ்ந்தது. அத்தளையை அறுப்பதற்கு முதற்படி, தான் தளைப்பட்டிருத்தல் கூடும் என்று ஒப்புக்கொள்ளும் பணிவேயாகும்.

தீர்மானம் செய்யும் வழி பற்றியும் மாணவரிடம் ஒருதலையான நம்பிக்கை உண்டு. எண்களாற் கணித்து முடிப்பதே பொறியியலாளன் தீர்மானம், ஏனையவை பலவீனம் என்பதே அது. ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் எமிலி டிரிங்கன்பர்க் முதலியோர் இதனை ஆராய்ந்து, தருக்கநெறி, உள்ளுணர்வு, பிறர்நிலை உணர்தல் ஆகிய மூன்றும் வடிவமைப்புத் தீர்மானத்திற் பங்குகொள்ளுதலை எடுத்துக்காட்டினர். மேற்கூறிய பாடசாலை உவமையில், சுவரின் தடிப்பைக் கணிதம் தரும். இம்மண் நம்பத்தக்கதன்று என்னும் ஐயத்தை அனுபவம் தரும். அச்சுவரின் அருகே நாள்தோறும் விளையாடப் போகும் சிறுவர் யார் என்பதைப் பிறர்நிலை உணரும் உள்ளமே நினைவூட்டும். மூன்றுள் ஒன்றை மாத்திரம் அறிவெனக் கொள்வோன் மற்றிரண்டையும் பயன்படுத்தியும் அவற்றைச் சோதித்துப் பாரான். ஏனெனில் அவற்றைப் பயன்படுத்தியதை அவன் உணர்வதேயில்லை.

தன் கருத்தைத் தானே திருத்துதல் அறிவுக்கு இழுக்கன்று என்பதற்குப் பேராதனையோடு தொடர்புடைய சிறந்த சான்று ஒன்றுண்டு. பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியின் பழைய மாணவரும், பின்னாளிற் பேராதனைப் பொறியியற் பீடாதிபதியும், 1988 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தருமாக விளங்கி 1994இல் மறைந்தவருமான பேராசிரியர் அழகையா துரைராசா, இளமையிற் கேம்பிரிட்ஜில் மண்ணின் இயல்பை ஆராய்ந்தார். 1963இல் ரொஸ்கோ, ஸ்கோபீல்ட், துரைராசா ஆகிய மூவரும் வெளியிட்ட கட்டுரை, களிமண் பாரத்தின்கீழ் எவ்வாறு நெகிழ்கின்றது என்பதற்கு ஒரு புதிய கோட்பாட்டை வகுத்தது. உலகெங்கும் மண்பொறியியல் பயில்வோர் அதனைக் கற்கின்றனர். ஆனால் அம்மூவருள் மூத்தவரான ரொஸ்கோவே, பேர்லண்ட் என்பாருடன் சேர்ந்து, 1968இல் அக்கோட்பாட்டைத் திருத்தி வெளியிட்டார். ஐந்தே ஆண்டுகளில் திருத்தம் பெற்றமையால் முதற் கட்டுரையின் மதிப்புக் குறைந்ததா? இல்லை. முதற்படி இன்றேல் இரண்டாம் படி இல்லை என்பதையே அறிஞர் உலகம் கண்டது.

இவ்வுண்மை நம் பாடசாலைகளில் எவ்வளவு உணரப்பட்டிருக்கின்றது என்று சிந்தித்தல் தகும். பொறியியற் பீடத்தை நாடும் மாணவன் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் பாடங்களில் உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றுகின்றான். அவனுடைய பெறுபேறு இசட் புள்ளியாக மாற்றப்பட்டு, தசமங்களால் வரிசை நிர்ணயிக்கப்படுகின்றது. இடங்கள் குறைவாகவும் விரும்புவோர் பலராகவும் உள்ள நாட்டில் இத்தகைய ஒரு முறை இன்றியமையாததாகலாம். ஆனால் வரிசை எண்ணையே அறிவின் அளவெனப் பல ஆண்டுகள் நம்பி வளர்ந்தவன், விடை ஒன்றல்லாத வினாவைப் பல்கலைக்கழகத்தில் எதிர்ப்படும்போது தடுமாறுகின்றான். பாடசாலையில் முதல்வனாயிருந்தோர் பலர் கூடும் வகுப்பில் யாரோ ஒருவன் கடைசியாகவும் இருத்தல் வேண்டும். தன் மதி இவ்வளவுதான் என்ற முடிவுக்கு அவன் வந்துவிட்டால், அதன்பின் அவன் துணிந்து புதிய அமைப்பு எதையும் முன்வையான்.

தமிழ் மொழிமூலம் பயின்ற மாணவனுக்கு மற்றோர் இடரும் உண்டு. பேராதனையிற் பொறியியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகின்றது. தமிழிற் சிந்தித்து ஆங்கிலத்தில் விடை கூறுவோன் சிறிது தாமதிப்பான். அத்தாமதத்தை மந்தம் எனப் பிறர் கருதுவதினும், அவனே தன்னை அவ்வாறு கருதிக்கொள்ளுதல் பெருந்தீங்காகும். கண்டியைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டப் பாடசாலைகளிலோ நிலை இன்னும் கடினமானது. கணித, விஞ்ஞானப் பாடங்களை உயர்தரம் வரை தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் மலையகத்தில் நெடுங்காலமாகவே போதியளவு இல்லை. அக்குறையை ‘இப்பிள்ளைகளுக்கு மூளை போதாது’ என்று மொழிபெயர்ப்பது, ஆசிரியர் வெற்றிடத்தின் பழியைப் பிள்ளையின் தலையிற் சுமத்துவதாகும்.

இங்கே ஒரு வரம்பையும் கூறுதல் நேர்மையாகும். நம்பிக்கையை மாற்றினால் யாவும் மாறிவிடும் என்று கொள்வதற்கில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய 12,000 மாணவரைக்கொண்டு நடத்தப்பெற்று 2019இல் வெளியான பெரும் ஆய்வில், அறிவு வளரத்தக்கது என்பதை விளக்கிய சிறு பாடம், கல்வியிற் பின்தங்கியிருந்தோரின் புள்ளிகளைச் சிறிதளவே உயர்த்திற்று. வகுப்பறைச் சூழல் அந்நம்பிக்கைக்கு இடந்தராதவிடத்து அப்பயனும் குறைந்தது. விதை நல்லதாயினும் நிலமும் நீரும் வேண்டும். நல்லாசிரியரும் நூல்களும் ஆய்வுகூடமும் இன்றி நம்பிக்கை மாத்திரம் பாலம் கட்டாது.

ஆயினும் ஆசிரியர் கையில் உள்ளவை சிலவுண்டு. பிழையான விடையைச் சிவப்பு மையாற் கோடிட்டு விலக்குவதோடு அமையாமல், அப்பிழை எவ்வெண்ணத்தாற் பிறந்ததென மாணவனைக்கொண்டே சொல்லுவித்தல் ஒன்று. ஒரு கணக்கைப் பல வழிகளிற் செய்வித்து, எவ்வழி எங்கே பொருந்தும் என ஒப்பிடச் செய்தல் மற்றொன்று. வடிவமைப்பு வேலையிற் குறைந்தது மூன்று திட்டங்களேனும் வரையும் வரை எதையும் தெரிவு செய்யாதிருக்கப் பழக்குதல் வேறொன்று. இவற்றுக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. நன்னூலார் கூறிய உடன்பயில்வோர் கூட்டத்தையும், பிறர்க்கு எடுத்துரைக்கும் பழக்கத்தையும் வகுப்பறைக்கு மீட்டுக்கொணர்ந்தாற் போதும்.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் கொணர்ந்த பெருமழையால் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகள் பல சரிந்து உயிர்கள் பலவற்றைக் கொண்டன. அச்சரிவுகளின் மேலும் கீழும் இனி எழவேண்டிய வீடுகளையும் வீதிகளையும் சுவர்களையும் இன்று பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகளே வகுக்கப் போகின்றனர். தன் முதல் எண்ணம் பிழையாக இருத்தல் கூடும் என்று ஒருவன் தாளின்மேல் ஒப்புக்கொண்டால், அதற்குச் செலவு ஒரு தாளே. அதனை ஒப்புக்கொள்ள அவன் மறுத்து, மலை அதனை மெய்ப்பிக்குமாயின், அச்செலவை அவன் செலுத்துவதில்லை. சரிவின் அடியில் வாழ்வோரே செலுத்துகின்றனர்.