வழிபாடு எதுவரை, சட்டம் எதுவரை? முஸ்லிம் சமூகத்தில் புனே எழுப்பிய கேள்விகள்

புனே: தொழுகை, நோன்பு ஆகியவை ஒருவரது இறைநம்பிக்கையைச் சார்ந்தவை. திருமணம், மணவிலக்கு, ஜீவனாம்சம் ஆகியவையும் அதே மார்க்கக் கடமையின் பகுதிகளா, அல்லது அரசு சட்டம் இயற்றக்கூடிய விவகாரங்களா? இந்திய முஸ்லிம்களிடையே அரை நூற்றாண்டுக்கும் மேலாகத் தொடரும் இந்த விவாதத்தில், மகாராஷ்டிராவின் புனே நகருக்குத் தனி இடம் உண்டு.

யார் இந்த ஹமீத் தல்வாய்?

கொங்கண் பகுதியில் 1932-ஆம் ஆண்டு பிறந்த மராத்தி எழுத்தாளர் ஹமீத் தல்வாய். முத்தலாக், பலதார மணம் ஆகியவற்றை ஒழிக்கக் கோரி, 1966 ஏப்ரல் 18 அன்று ஏழு முஸ்லிம் பெண்களுடன் மும்பையில் சட்டமன்றத்தை நோக்கிப் பேரணி நடத்தினார். பின்னர், 1970 மார்ச் 22 அன்று புனேயில் 'முஸ்லிம் சத்யசோதக் மண்டல்' அமைப்பை நிறுவினார். இதே நகரில் 1873-இல் ஜோதிராவ் புலே தொடங்கிய சத்யசோதக் சமாஜத்தை நினைவூட்டும் பெயர் அது.

மதம் தனிமனித நம்பிக்கை என்ற எல்லைக்குள் நிற்க வேண்டும். குடும்பச் சட்டம் குடிமக்கள் அனைவருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. 1977-இல் அவர் காலமானார்.

எதிர்ப்பு ஏன்?

ஷரீஅத் வாழ்க்கை முழுவதற்குமான நெறி என்றும், அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து அரசிடம் ஒப்படைக்க இயலாது என்றும் மார்க்க அறிஞர்கள் பலர் வாதிட்டனர். 1973-இல் அமைந்த அகில இந்திய முஸ்லிம் தனிநபர் சட்ட வாரியமும் இந்தக் கருத்தையே முன்வைத்தது. தல்வாய் இறைநம்பிக்கை அற்றவர் என்பதால், அவரது குரலைச் சமூகத்தின் உள்ளிருந்து எழுந்த குரலாகப் பலர் ஏற்கவில்லை.

அரசியல் நுழைந்த இடம்

மணவிலக்கு பெற்ற ஷா பானுவுக்கு ஜீவனாம்சம் வழங்க 1985-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எதிர்ப்பு வலுத்ததும், ராஜீவ் காந்தி அரசு 1986-இல் தனிச் சட்டம் கொண்டுவந்து அத்தீர்ப்பின் பயனைக் குறைத்தது. உடனடி முத்தலாக் செல்லாது என்று 2017 ஆகஸ்ட் 22 அன்று 3-2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பு வந்தது. அதைக் குற்றமாக்கி, மூன்று ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கும் சட்டம் 2019-இல் நிறைவேறியது. பெண்களுக்குப் பாதுகாப்பு என்று அரசு கூறியது. கணவர் சிறை சென்றால் குடும்பத்துக்கு யார் பொறுப்பு என்று எதிர்க்கட்சிகள் கேட்டன.

நீதிமன்றம் எவ்வாறு பிரிக்கிறது?

அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மதச் சுதந்திரத்தை உறுதி செய்கிறது. எனினும், மதத்தோடு இணைந்த பொருளாதார, அரசியல் நடவடிக்கைகளை அரசு முறைப்படுத்தவும், சமூகச் சீர்திருத்தச் சட்டம் இயற்றவும் அது இடமளிக்கிறது. ஒரு மதத்தின் இன்றியமையாத பகுதி எது என்பதை அம்மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று, சென்னை மாகாண அறநிலையச் சட்டம் தொடர்பான சிரூர் மடம் வழக்கில் 1954-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2017 தீர்ப்பிலும் நீதிபதி குரியன் ஜோசப், முத்தலாக் குர்ஆனுக்கு முரணானது என்ற அடிப்படையிலேயே அதை நிராகரித்தார்.

மீண்டும் புனே

மசூதிகளில் பெண்களைத் தொழ அனுமதிக்கக் கோரி, புனேயைச் சேர்ந்த தம்பதி 2019-இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினர். பெண்கள் மசூதிக்குள் சென்று தொழ இஸ்லாம் தடை விதிக்கவில்லை என்று தனிநபர் சட்ட வாரியம் 2020 ஜனவரியில் பதில் மனு அளித்தது. ஆனால், கூட்டுத் தொழுகை அவர்களுக்குக் கட்டாயம் இல்லை என்றும், மார்க்க நடைமுறைகளில் நீதிமன்றம் தலையிடலாகாது என்றும் அது தெரிவித்தது.

தல்வாய் வழிபாட்டைச் சட்டத்திலிருந்து விலக்கி வைக்க முயன்றார். இத்தம்பதியோ வழிபடும் உரிமைக்காகவே சட்டத்தை நாடினர். புதுக்கோட்டையில் தாவூத் ஷரீபா கானம் உருவாக்கிய பெண்கள் ஜமாஅத் மூன்றாவது வழியைக் காட்டியது. ஆண்கள் மட்டுமே அமர்ந்து குடும்ப வழக்குகளைத் தீர்த்துவந்த இடத்தில், பெண்களே கூடி அவற்றை விசாரித்தனர். வழிகள் வேறுபட்டாலும், மார்க்கத்தின் பெயரால் முடிவெடுக்கும் உரிமை யாருக்கு என்பதே மூன்றிலும் எழும் கேள்வி.