87-இல் ஒரு பங்கு 1869

1869 மே 10. அமெரிக்காவின் யூட்டா பகுதியில், பிராமண்டரி உச்சி என்னும் பொட்டல்வெளியில், கிழக்கிலிருந்து போட்டுக்கொண்டு வந்த தண்டவாளமும் மேற்கிலிருந்து வந்ததும் சேர்ந்தன. சென்ட்ரல் பசிபிக் கம்பெனியின் ‘ஜூபிடர்’, யூனியன் பசிபிக்கின் 119 என்ற இரண்டு என்ஜின்கள் எதிரெதிரே நின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு ரயிலை மேசைமேல் செய்து பார்க்க ஆசைப்படுகிறவர் இந்த நாளிலிருந்தே தொடங்கலாம். ‘பழைய காலம்’ என்று பொதுவாக நினைத்துச் செய்தால் எதுவும் பொருந்தாது. முதலில் ஒரு வருஷத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பலரும் எடுத்துக்கொள்ளும் அளவு ஹெச்.ஓ. நிஜத்தில் 87 அடி என்றால் மாதிரியில் 1 அடி. 1,435 மி.மீ. அகலப் பாதை 16.5 மி.மீ. ஆகிவிடும். அன்றைய சரக்குப் பெட்டிகள் சுமார் 30 அடிதான். மாதிரியில் பத்தரை சென்டிமீட்டர். குட்டைப் பெட்டிகள் குறுகிய வளைவிலும் திரும்பிவிடும் என்பதால் பெரிய அறை தேவையில்லை.

இடத்தில் மிச்சமானது என்ஜினில் செலவாகிவிடும். முன்னால் நாலு சின்னச் சக்கரம், பின்னால் நாலு பெரிய சக்கரம். அந்தப் பெரிய நாலுதான் இழுக்கும். நாலடி விட்டமுள்ள கொதிகலன் இந்த அளவில் 14 மி.மீ. குழாய். அதற்குள் மோட்டாரும் வேண்டும், சக்கரம் வழுக்காமலிருக்க எடையும் வேண்டும். அதனால் மோட்டாரைப் பின்னால் வரும் டெண்டர் என்ற எரிபொருள் பெட்டியில் ஒளித்துவைத்து, மெல்லிய தண்டு வழியாகச் சக்கரத்தைச் சுற்றவைப்பது ஒரு பழைய உத்தி. கொதிகலன் முழுக்க ஈயம் அடைக்கலாம். ஜூபிடர் விறகில் ஓடியது. தோட்டத்துச் சுள்ளிகளை நறுக்கி டெண்டர்மேல் அடுக்கினால் மோட்டார் இருப்பதே தெரியாது. விறகின் தீப்பொறியைத் தடுக்கத்தான் ஜூபிடருக்கு அகன்ற பானை போன்ற புகைபோக்கி. 119 நிலக்கரி என்ஜின். அதன் புகைபோக்கி நேராக இருக்கும். இரண்டையும் மாற்றிப் பொருத்தினால் விஷயம் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

பெரிய வம்பு வண்ணத்தில்தான். அன்றைய ஈரத் தகட்டுப் புகைப்படங்களில் நீலம் வெளுத்து விழும், சிவப்பு கரியாக விழும். படத்தில் கறுப்பாகத் தெரிவது கறுப்பு என்று நம்ப முடியாது. அசல் என்ஜின்கள் இரண்டும் எப்போதோ உடைசலுக்குப் போய்விட்டன. 1979-இல் முழு அளவில் செய்த நகல் ஜூபிடருக்குச் சிவப்புதான் அடித்தார்கள். பிற்பாடுதான் 1869-ஆம் வருஷத்துச் செய்தித்தாள் ஒன்று அகப்பட்டது. அதில் நீலமும் கருஞ்சிவப்பும் என்று இருந்தது. ஆகவே தூரிகையைத் தொடுவதற்கு முன் பழைய பத்திரிகைகளையும் கம்பெனிக் கடிதங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் பிடித்த பகுதியும் இதுதான்.

தண்டவாளத்தை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். கடையில் சாதாரணமாகக் கிடைப்பது இரண்டரை மி.மீ. உயரம், 87-ஆல் பெருக்கினால் 22 செ.மீ. அன்றைய தண்டவாளம் அதில் பாதிதான் இருக்கும். மெல்லிய ரகம் வாங்கிப் போட்டாலே பாதை பழசாகிவிடும்.

பெட்டிகளை இணைப்பது இன்னொரு தலைவலி. அப்போது இரும்பு வளையத்தை நுழைத்து ஆணி செருகுவார்கள். அதில் விரல் போன ரயில்வே தொழிலாளிகள் ஏராளம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கொக்கிக்கு 1873-இல் காப்புரிமை வாங்கினார் ஈலை ஜானி. அதைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது 1893-இல்தான். மாதிரியில் ஆணி செருக இடுக்கி வேண்டும், கண் வலிக்கும். பெட்டிகளை அடிக்கடி மாற்றி விளையாடுகிறவர் பிற்காலக் கொக்கியையே மாட்டிக்கொள்ளலாம். நான் குற்றம் சொல்ல மாட்டேன்.