சுவர் இருந்த வகுப்பும் சுவர் இல்லாத வகுப்பும்

வகுப்பறையில் மரியாதை என்பது அன்று உடம்பால் செய்யும் காரியம். ஆசிரியர் உள்ளே வந்தால் எழுந்து நிற்க வேண்டும். பெயர் வாசிக்கும்போது "உள்ளேன் ஐயா" என்று குரல் கொடுக்க வேண்டும். தாமதமாக வந்தவன் வாசலில் நின்று அனுமதி கேட்க வேண்டும். ஆசிரியர் வராத பாடவேளையில் வகுப்புத் தலைவன் கரும்பலகையின் ஓரத்தில் பேசுகிறவர்களின் பெயர்களை எழுதி வைப்பான். அடங்காதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறிகள் ஏறிக்கொண்டே போகும். இவை எதையும் யாரும் பாதுகாப்பு என்று நினைத்ததில்லை. அது சுற்றுச்சுவரின் வேலை, வாசல் காவலாளியின் வேலை. முன்பின் தெரியாத ஒருவர் ஏழாம் வகுப்பு 'ஆ' பிரிவுக்குள் நுழைந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்று எந்தப் பள்ளியும் விதி எழுதி ஒட்டவில்லை. எழுத வேண்டிய தேவையே வரவில்லை.

2020 மார்ச் நடுவில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது சுவரும் காவலாளியும் அங்கேயே தங்கிவிட்டார்கள். ஆசிரியர் கையில் மிஞ்சியது ஒரு இணைப்பு. வாட்ஸாப் குழுவில் அதைப் போட்டால் வகுப்பு தொடங்கிவிடும். அந்த இணைப்பு யார் யாருக்குக் கைமாறியது என்று பார்க்க வழியில்லை. பலரும் பயன்படுத்திய ஜூம், நிறுவனங்கள் கூட்டம் நடத்துவதற்காக உருவான செயலி. 2019 டிசம்பரில் ஒரு நாளின் பங்கேற்பு அதிகபட்சம் 1 கோடியாக இருந்தது. 2020 ஏப்ரலில் 30 கோடியைத் தொட்டது. பூட்டில்லாமல் கட்டிய வீட்டுக்குள் ஊரே குடிவந்ததுபோல் ஆயிற்று.

விளைவு உடனே தெரிந்தது. சிங்கப்பூரில் 2020 ஏப்ரல் 8 அன்று எல்லாப் பள்ளிகளும் வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அதே வாரத்தில் ஒரு புவியியல் வகுப்புக்குள் அந்நியர்கள் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டினார்கள். கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதைச் சில நாள் நிறுத்திவைத்து, பாதுகாப்பு ஏற்பாடுகளுக்குப் பிறகே படிப்படியாக அனுமதித்தது. இந்தியாவில் உள்துறை அமைச்சகம் ஏப்ரல் 16 அன்று அந்தச் செயலி பாதுகாப்பானதல்ல என்று அறிவித்தது. பயன்படுத்தியே ஆக வேண்டியவர்களுக்கு அது சொன்ன வழிகள்: ஒவ்வொரு கூட்டத்துக்கும் புதுக் கடவுச்சொல், காத்திருப்பு அறை, நடத்துபவர் மட்டுமே திரையைப் பகிரும்படி கட்டுப்பாடு, எல்லாரும் வந்தபின் கதவை அடைப்பது. கேட்கப் புதிதாக இருந்தாலும் இவற்றில் ஒன்றும் புதிதில்லை. வாசலில் நின்று அனுமதி கேட்பவனும், மணி அடித்ததும் சாத்தப்படும் கதவும், ஆசிரியர் கையை விட்டுப் போகாத சுண்ணக்கட்டியும்தான் வேறு உருவில் திரும்பி வந்திருந்தன. முன்பு பணிவுக்காகச் சொல்லிக்கொடுத்ததை இப்போது பூட்டுக்காகச் சொல்லிக்கொடுத்தார்கள்.

தொலைவிலிருந்து குரலால் வகுப்பு நடத்துவதும் கொரோனாவோடு பிறந்ததன்று. ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதியில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து, 1951இல் வானொலிப் பள்ளி தொடங்கியது. பறக்கும் மருத்துவர் சேவைக்காக அமைந்த வானொலி வசதியே அதற்கும் உதவியது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருந்த கால்நடைப் பண்ணைகளின் குழந்தைகள் அந்தக் குரலைக் கேட்டுப் படித்தார்கள். ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேசி முடித்தவர் 'ஓவர்' என்று சொல்லி அடுத்தவருக்கு வழிவிட வேண்டும். அங்கே மரியாதையைக் கருவியே கற்றுக்கொடுத்தது. அந்த அலைவரிசையில் வானொலி வைத்திருந்த எவரும் வகுப்பைக் கேட்கலாம். கேட்டால் என்ன என்றுதான் அன்று எண்ணியிருப்பார்கள். குழந்தையின் முகமும் வீடும் அதில் தெரியாது. இன்று அந்தப் பள்ளியும் செயற்கைக்கோள் வழியே படத்தோடுதான் பாடம் நடத்துகிறது.

குரலோடு முகமும் வந்ததுதான் பெரிய மாற்றம் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் பள்ளிகளில் சீருடை வந்ததற்கு ஒரு காரணம், யார் வீட்டில் என்ன இருக்கிறது என்பது வகுப்பறையில் தெரியக் கூடாது என்பது. பள்ளிக்குள் நுழைந்தபின் கான்கிரீட் வீட்டுப் பிள்ளையும் ஓலைக்குடிசைப் பிள்ளையும் ஒரே நிறத்தில் உட்கார்ந்தார்கள். காணொலி வகுப்பு அந்த ஏற்பாட்டை ஒரே காலையில் கலைத்துவிட்டது. ஒரு சதுரத்தில் தனி அறை, புத்தக அலமாரி. பக்கத்துச் சதுரத்தில் கொடியில் காயும் துணி, குக்கர் விசில், அழும் தம்பி, குறுக்கே நடக்கும் பாட்டி. வீடியோவைப் போடு என்று ஆசிரியர் சொன்னது ஒழுங்கு கருதித்தான். போடாத பிள்ளைகள் எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. சிலர் அப்பாவின் செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, சுவர் பக்கம் முதுகைத் திருப்ப இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். ஜூமில் பின்னணியை மங்கலாக்கும் வசதி பிறகு வந்தது. விலை குறைந்த செல்போன்களில் அதுவும் சரியாக வேலை செய்யவில்லை.

நேரக் கணக்கும் மாறியது. அன்று ஒரு நாளுக்கு எட்டுப் பாடவேளை என்பது இயல்பு. 2020 ஜூலை 14 அன்று மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் இணையவழிக் கல்விக்காக வெளியிட்ட 'பிரக்யதா' வழிகாட்டுதல், 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. 9 முதல் 12 வரை நான்கு அமர்வுகள். மழலையர் வகுப்பில் பெற்றோரோடு பேசவும் வழிகாட்டவும் அரை மணி நேரம், அவ்வளவுதான். பேசுகிறவர்களை அடக்கும் முறையும் மாறியது: ஒலியை அடைக்கும் பொத்தான் வகுப்புத் தலைவனின் வேலையைப் பறித்துக்கொண்டது. வகுப்பு அமைதியானது; ஆனால் கரும்பலகையில் பெயர் ஏறிய பையன்தான் பெரும்பாலும் சந்தேகம் கேட்கிற பையனாகவும் இருந்தான் என்பதை ஆசிரியர்கள் மெல்லத்தான் கவனித்தார்கள்.

தமிழக அரசுப் பள்ளிகளின் கதை வேறு. 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சிதான் அங்கே பெரும்பாலான பிள்ளைகளுக்கு வகுப்பு. அதில் அந்நியர் நுழைய முடியாது, வீடு தெரியாது, உடை பற்றிய விதி தேவையில்லை. கை தூக்கவும் முடியாது.

இதுவரை சொன்னதில் சுவர் இருந்த காலத்தை நான் கொஞ்சம் உயர்த்திப் பேசிவிட்டதாகத் தோன்றலாம். அந்தச் சுவர் உள்ளே நடப்பதையும் மறைத்தது. 2021 மே மாதம் சென்னையில் ஒரு தனியார் பள்ளியின் ஆசிரியர் இணைய வகுப்பில் தகாத முறையில் நடந்துகொண்டதாக மாணவிகள் புகார் எழுப்பினார்கள். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் கைது நடந்தது. ஆண்டுகளுக்கு முன் படித்து முடித்துப் போனவர்களும் அப்போது பேசத் தொடங்கினார்கள். வேறு பள்ளிகளின் பெயர்களும் வந்தன. கதவு சாத்திய வகுப்பறையில் ஒருவர் சொல்லுக்கு எதிராக இன்னொருவர் சொல் என்று போயிருக்கக்கூடிய ஒன்று, திரையில் நடந்தபோது சாட்சியோடு நின்றது. அந்த மாத இறுதியில் முதலமைச்சர் நடத்திய ஆய்வுக் கூட்டத்துக்குப் பின் தமிழக அரசு விதிகளை அறிவித்தது: இணைய வகுப்புகள் அனைத்தும் முழுமையாகப் பதிவு செய்யப்பட வேண்டும், அந்தப் பதிவுகளை ஒரு குழு அவ்வப்போது பார்க்க வேண்டும், புகார் செய்ய உதவி எண் வேண்டும். ஆசிரியரும் மாணவரும் வகுப்பறைக்கு வருவதைப் போலவே கண்ணியமாக உடுத்தியிருக்க வேண்டும் என்ற விதியும் வந்தது. பெரும்பாலும் குழந்தையின் ஒழுக்கத்தைப் பற்றியே பேசிவந்த பள்ளி விதிகளோடு, இணைய வகுப்பில் ஆசிரியரின் உடையும் எழுதப்பட்டது. அந்த மாணவிகளால் வந்த மாற்றம் அது.

பதிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. தடுமாறிய ஒரு சொல், தப்பாகப் போட்ட ஒரு கணக்கு அன்று சுண்ணக்கட்டித் தூளோடு போய்விடும். காணொலி வகுப்பில் அதை ஒரு மாணவன் வெட்டி எடுத்து, பாட்டுச் சேர்த்து, மாலைக்குள் நாலு குழுக்களுக்கு அனுப்பிவிடலாம். கேமராவுக்கு வெளியே பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் கேட்ட அம்மா அப்பாக்களும் இருந்தார்கள். பதில் சொல்லிக்கொடுத்தவர்களும் உண்டு, நடுவில் மைக்கைத் திறந்து ஆசிரியரைத் திருத்தியவர்களும் உண்டு. மாணவர்களின் ஒழுங்குக்கு ஆளுக்கொரு பட்டியல் போட்டோம். பெற்றோரின் ஒழுங்கைப் பற்றிப் பள்ளிகள் அதிகம் பேசவில்லை. கட்டணம் செலுத்துகிறவர்களிடம் அதைச் சொல்வது கடினம்தான்.

2021 நவம்பர் 1 அன்று தமிழகத்தில் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறந்தன. சுவருக்குள் திரும்பிவிட்டோம். ஆனால் செல்போன் திரும்பிப் போகவில்லை. கிராமப்புறக் கல்வி நிலையை அளக்கும் ஏசர் ஆய்வின்படி, நாட்டின் கிராமப்புறப் பள்ளிப் பிள்ளைகளில் வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தவர்கள் 2018இல் 36.5 சதவீதம், 2021இல் 67.6 சதவீதம். வீட்டுப்பாடம் அதில் வருகிறது, விடுப்புக் கடிதம் அதில் போகிறது. மழைக்கு விடுமுறை விட்டால் சில தனியார் பள்ளிகளில் இணைப்பு வந்துவிடுகிறது. அன்று மழை என்றால் விடுமுறை என்பதோடு முடிந்தது. வகுப்பாசிரியரின் எண் அன்று பிள்ளைகளுக்குத் தெரியாது, அவர் வீடு எந்தத் தெரு என்பது மட்டும் தெரியும். இன்று எண் எல்லாரிடமும் இருக்கிறது, தெரு யாருக்கும் தெரியவில்லை.

காத்திருப்பு அறையும் கடவுச்சொல்லும் இன்று செயலிகளில் தாமாகவே அமைந்துவிட்டன. ஜூம் அவற்றை இயல்பு நிலையாக்கியது 2020 ஏப்ரல் 5இலேயே. ஆனால் பிள்ளைகள் அதிகம் புழங்கும் இடம் வகுப்புச் செயலி இல்லை. 2024ஆம் ஆண்டின் ஏசர் ஆய்வு 14 முதல் 16 வயதுள்ள கிராமப்புறப் பிள்ளைகளைக் கேட்டது. ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்தவர்களில், முந்தைய வாரத்தில் அதைப் படிப்புக்குப் பயன்படுத்தியவர்கள் 57 சதவீதம், சமூக ஊடகத்துக்குப் பயன்படுத்தியவர்கள் 76 சதவீதம். அந்த ஊடகங்களைப் பயன்படுத்துவோரில், தொல்லை தருகிறவரைத் தடுக்கவோ புகார் செய்யவோ தெரிந்தவர்கள் 62 சதவீதம். தன் கணக்கைப் பிறர் பார்க்காதபடி மாற்றத் தெரிந்தவர்கள் 55.2 சதவீதம். மீதிப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுப்பதற்கென்று ஒரு பாடவேளையை நான் பார்த்த எந்தப் பள்ளியின் கால அட்டவணையிலும் காணவில்லை.