கடனாளியின் சுற்றத்தாரும் கடன் வசூலும்

நெசவாளருக்கும் குடியானவருக்கும் கடன் புதிதன்று. பாவுக்கு நூல் வாங்கவும், விதைக்கும் உரத்திற்கும் கைமுதல் தேடவும் நாம் கடனை நாடியே வந்திருக்கிறோம். வட்டிக்காரரின் பிடியிலிருந்து ஏழை உழைப்பாளியை விடுவிக்கும் பொருட்டே 1904ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூரில் சென்னை மாகாணத்தின் முதற் கடன் சங்கம் தோன்றியது. அந்நாளைய வட்டிக்காரர் வீட்டு வாயிலில் வந்து நின்று கூச்சலிடுவார். இந்நாளில் வாயிலுக்கு வர வேண்டுவதில்லை; கைப்பேசியே போதும்.

நம் அங்கத்தினருள் ஒருவர் தம் தறிக்கு நூல் வாங்கச் சங்கத்துக்கு வெளியே ஒரு நிறுவனத்தில் சிறு கடன் பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மழையினால் ஒரு மாதம் தறி ஓடவில்லை; இரண்டு தவணைகள் தவறுகின்றன. நிறுவனத்தார் அவரைக் கூப்பிடுகிறார்கள், அவர் எடுக்கவில்லை. அடுத்த அழைப்பு அவருடைய மைத்துனருக்குப் போகிறது. அதற்கடுத்தது மகளைக் கொடுத்த சம்பந்தி வீட்டுக்குப் போகிறது. "உங்கள் உறவினர் பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுகிறார், நீங்கள் கட்டுங்கள்" என்கிறது அந்தக் குரல். கடனோ சில ஆயிரம் ரூபாய்; போவதோ ஒரு குடும்பத்தின் மானம். இவ்வாறு கூப்பிட அவர்களுக்கு உரிமை உண்டா? கூப்பிட்டால் நாம் செய்ய வேண்டுவது யாது? இவ்விரு கேள்விகளையும் ஈண்டு ஆராய்வோம்.

கடனுக்குப் பொறுப்பாளி யார்?

கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவரே கடனுக்குப் பொறுப்பாளி. ஜாமீன் கையெழுத்திட்டவரும் பொறுப்பாளியே. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 128ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் வேறு விதமாகக் கூறினாலன்றி, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்பைப் போன்றதே ஆகும். ஆகையால், ஜாமீனாக நின்ற மைத்துனரைக் கூப்பிட்டுப் பணம் கேட்பதைக் குற்றம் என்று சொல்ல இயலாது. குழுக் கடனில் ஒருவருக்கொருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட்ட உறுப்பினர் நிலையும் இத்தகையதே.

ஆனால் விண்ணப்பத்தில் "தெரிந்தவர் இருவர் பெயர்" என்று கேட்டு எழுதிக்கொள்கிறார்களே, அவர்கள் ஜாமீன்தாரர் அல்லர். பெயர் எழுதப்பட்டதனாலேயே ஒருவர்மீது கடன் ஏறிவிடாது. கணவன் வாங்கிய கடனுக்கு மனைவி, கையெழுத்திடாதவரை, தம் சொந்தப் பணத்திலிருந்து கட்டக் கடமைப்பட்டவர் அல்லர். தகப்பன் கடனை மகன் அடைப்பது புண்ணியக் கடமை என்ற பழைய இந்துச் சட்டக் கோட்பாட்டை 2005ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டம் மாற்றியது. அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் தேதிக்குப் பின் தந்தை பட்ட கடனுக்காக, அக்கோட்பாடு ஒன்றையே காரணமாகக் காட்டி மகன்மீது வழக்குத் தொடர முடியாது. கடனாளி இறந்துவிட்டால், வாரிசுகள் அவரிடமிருந்து பெற்ற சொத்தின் மதிப்பளவுக்கே பொறுப்பாவர்; அதற்கு மேல் இல்லை.

ரிசர்வ் வங்கியின் விதிகள்

2022ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விடுத்தது. வங்கிகளும், கூட்டுறவு வங்கிகளும், வங்கியல்லாத நிதி நிறுவனங்களும், அவற்றின் வசூல் முகவர்களும் கடனாளியைச் சொல்லாலோ செயலாலோ மிரட்டலாகாது, ஊரறிய அவமானப்படுத்தலாகாது, அவருடைய குடும்பத்தார், நண்பர், விண்ணப்பத்தில் பெயர் கொடுக்கப்பட்டோர் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடலாகாது, காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் கூப்பிடலாகாது என்று அது கட்டளையிட்டது. முகவர் செய்யும் தவறுக்கு நிறுவனமே பொறுப்பு என்பதையும் அது தெளிவாக்கியது.

சிறுகடன்களுக்கென 2022 மார்ச்சு மாதத்தில் வெளியான விதிகள் இன்னும் கண்டிப்பானவை. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு ஈடின்றிக் கொடுக்கும் கடனைப் பற்றியவை இவை. கடனாளியின் உறவினரையோ, நண்பரையோ, உடன் வேலை செய்வோரையோ துன்புறுத்துவது வெளிப்படையாகவே தடை செய்யப்பட்டது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடுவதும், ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதும், கடனாளியின் பெயரை ஊரில் வெளியிடுவதும் அவ்வாறே தடுக்கப்பட்டன. வசூல், இரு தரப்பாரும் முடிவு செய்த பொது இடத்தில் நடைபெற வேண்டும். கடனாளி அடுத்தடுத்து இரு முறையோ அதற்கு மேலோ அவ்விடத்துக்கு வராவிடில் மட்டுமே வீட்டுக்கோ வேலை செய்யும் இடத்துக்கோ செல்லலாம்.

கைப்பேசிச் செயலிகள் வழியாகக் கடன் பெறுவோர் மற்றொன்றையும் அறிந்திருக்க வேண்டும். நாம் பெயர் கொடுக்காத உறவினரின் எண் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது? செயலியைப் பதிந்துகொள்ளும்போது, நம் கைப்பேசியில் உள்ள பெயர்ப் பட்டியலைப் படிக்க அது அனுமதி கேட்கிறது. நாமும் அறியாமல் இசைவு தந்துவிடுகிறோம். இவ்வாறு பெயர்ப் பட்டியலையும், அழைப்புக் குறிப்புகளையும், படங்களையும் எடுப்பதை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பர் 2ஆம் தேதி வெளியிட்ட விதிகளால் தடுத்தது. ஆகவே, பெயர்ப் பட்டியலைக் கேட்கும் கடன் செயலி எதுவாயினும் அதனை விலக்குதலே அறிவுடைமை. தன் ஆளுகைக்கு உட்பட்ட நிறுவனங்கள் பயன்படுத்தும் செயலிகளின் பட்டியல் ஒன்றை ரிசர்வ் வங்கி 2025 ஜூலை முதல் தன் இணையதளத்தில் வைத்துள்ளது. கடன் பெறுமுன் அதனைப் பார்ப்பது நலம்.

தமிழ்நாட்டில் அநியாய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டிலேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2025ஆம் ஆண்டில் நம் சட்டமன்றம் மற்றொரு சட்டத்தை நிறைவேற்றியது. கடன் வசூலுக்காகக் கடனாளியையோ அவர் குடும்பத்தாரையோ வற்புறுத்தித் துன்புறுத்துவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க அது வகை செய்கிறது.

செய்ய வேண்டுவன

அழைப்பைப் பெறும் உறவினர் முதலில் பதறாதிருக்க வேண்டும். கூப்பிடுபவரின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு, "நான் இக்கடனுக்குக் கையெழுத்திடவில்லை, நீங்கள் கூப்பிட்ட செய்தியை அவரிடம் சொல்லுகிறேன், இனி என்னைக் கூப்பிட வேண்டா" என்று நிதானமாகச் சொல்லிவிடலாம். மானத்துக்கு அஞ்சி ஒரு தவணையைக் கட்டிவிடுவது முறையன்று. "பிறகு நான் கட்டுகிறேன்" என்று எழுதியும் கொடுக்கலாகாது. அவ்வெழுத்தே பின்னர் அவர்மீது திரும்பக்கூடும்.

கடனாளி, ஒவ்வோர் அழைப்பின் தேதி, நேரம், எண், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வர வேண்டும். வந்த செய்திகளை அழித்துவிடலாகாது. பின், நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுத்து மூலம் புகார் செய்து, அதற்குரிய சான்றை வைத்துக்கொள்ள வேண்டும். உறவினர் எழுதித் தரும் வாக்குமூலத்தையும் இணைத்தல் நன்று. 30 நாட்களில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தி தராவிடினும், தாமதமின்றி ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். இதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விவரம் அறிய 14448 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

மிரட்டலோ ஆபாசச் சொல்லோ இருந்தால், 30 நாட்கள் காத்திருக்க வேண்டுவதில்லை. உடனே காவல் நிலையத்தில் புகார் செய்யலாம். கடனாளியோடு அவருடைய உறவினரும் தம் பெயரிலேயே புகார் தரலாம். போலிச் செயலிகளால் பணம் இழந்தோர் 1930 என்ற எண்ணைக் கூப்பிடலாம்.

நம் தொடக்கச் சங்கங்கள் மேற்சொன்ன குறைதீர்ப்புத் திட்டத்தில் அடங்கவில்லை. கடன் சங்கத்தைப் பற்றிய குறையைக் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடமும், நெசவாளர் சங்கத்தைப் பற்றியதைக் கைத்தறித் துறை உதவி இயக்குநரிடமும் தெரிவிக்கலாம். ஆயினும், பிறருக்கு விதித்த நெறி நமக்கும் பொருந்தும். தவணை தவறிய அங்கத்தினரின் பெயரைக் கடைத்தெருவில் சொல்லும் சங்கப் பணியாளர், வட்டிக்காரரினும் மேலானவர் அல்லர். நினைவூட்டல் கடிதம் உரியவர் கையில் மட்டுமே சேர வேண்டும்.

நம் கடமை

உரிமையைச் சொல்லும்போது கடமையையும் சொல்லியே ஆகவேண்டும். முறை தவறிய வசூலினால் கடன் அழிந்துவிடுவதில்லை. அசலும் நியாயமான வட்டியும் நின்றே தீரும். அழைப்பை எடுக்காமல் ஒளிவதே பல வேளைகளில் உறவினர் வீட்டு மணியை அடிக்கச் செய்கிறது. கைப்பேசி எண் மாறினால் கடன் கொடுத்தவருக்குத் தெரிவியுங்கள். தறி நின்றாலோ விளைச்சல் பொய்த்தாலோ, தவணை தவறுமுன் சென்று நிலைமையை எழுத்தில் கூறி அவகாசம் கேளுங்கள். யாரேனும் ஒருவரை ஜாமீனாகக் கேட்கும்போது, அதன் பொருளை அவருக்கு விளக்கிய பின்னரே கையெழுத்துப் பெறுங்கள்.

கடன் என்பது கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் இடையே உள்ள கணக்கு. அது சம்பந்தி வீட்டுக்கும் அண்டை அயலாருக்கும் உரிய செய்தியன்று. இக்கட்டுரையைப் படித்த அங்கத்தினர், எழுத்தறியாத தம் அண்டை வீட்டாருக்கும் இதனை வாசித்துக் காட்டுவாராக. தொல்லைக்கு ஆளானவர் எவரும் தனியே அஞ்சிக் கிடக்க வேண்டா. சங்க அலுவலகத்துக்கு வந்தால், புகார் எழுத உதவக் காரியதரிசியும் அங்கத்தினர்களும் இருக்கிறார்கள். ஒருவர் துன்பத்தில் மற்றவர் துணை நிற்பதற்கன்றோ சங்கம் கண்டோம்!