சராசரி சொல்லாத சங்கதி

காவிரியின் சராசரி ஆழம் முழங்கால் மட்டமே என்று கணக்கிட்டு, குடும்பத்தோடு நடு ஆற்றில் தத்தளித்த கணக்கப்பிள்ளையின் கதையை நேயர்கள் கேட்டிருப்பார்கள். அவர் போட்ட கணக்கில் பிழையில்லை. சராசரியோடு நின்றுவிட்டதே பிழை. ஆழம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேறுபடும் என்று அவர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேளாதவர்கள் ரயில் வண்டியும் செய்ய முடியாது.

அதே காவிரிக்குத் தெற்கே, திருச்சிராப்பள்ளியில் இருக்கிறது பொன்மலை. தென்னிந்திய ரயில்வேயின் பெரிய தொழிற்சாலை 1928-ல் நாகப்பட்டினத்திலிருந்து இங்கே வந்தது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின்களையே இங்கே செய்து கொடுத்திருக்கிறார்கள். மாட்டு வண்டியில் அச்சு நிற்கச் சக்கரம் சுழலும். ரயிலிலோ இரண்டும் ஒன்றாகச் சுழலவேண்டும். ஆகையால், குடத்தின் துளையைவிட அச்சின் முனையைச் சிறிதளவே பருமனாகக் கடைந்து, பேரழுத்தத்தால் உள்ளே செலுத்துகிறார்கள். பருமன் குறைந்தால் சக்கரம் நெகிழும். மிகுந்தால் குடம் வெடிக்கலாம். பிரயாணிகளின் உயிர் அந்த நூலிழையில் இருக்கிறது.

இரண்டு கடைசல் யந்திரங்கள் தலைக்கு ஐந்து அச்சு கடைவதாகக் கொள்வோம். குறித்த அளவிலிருந்து முதல் யந்திரத்தின் விலகல், மில்லிமீட்டரில் நூற்றிலொரு பங்குக் கணக்கில், –1, 0, 0, 0, +1. இரண்டாவதன் விலகல் –4, –2, 0, +2, +4. இரண்டுக்கும் சராசரி பூஜ்யமே! ஏறியதும் இறங்கியதும் ஒன்றையொன்று தின்றுவிட்டன. எனவே ஒவ்வொரு விலகலையும் வர்க்கம் செய்து சராசரி காணவேண்டும்: முதலாவதற்கு 0.4, அடுத்ததற்கு 8. இதுவே விலக்க வர்க்கச் சராசரி. இதன் வர்க்கமூலம் திட்ட விலக்கம்: 0.63, 2.83. இப்போது குட்டு வெளிப்பட்டுவிட்டது.

ஆனால் நீளமும் பருமனும் தாயக்கட்டையைப்போல் ஒன்று, இரண்டு என்று தாவுவன அல்ல. எந்த இரண்டு அளவுகளுக்கு நடுவிலும் வேறோர் அளவு உண்டு. ஆகவே இங்கே நிகழ்தகவு ஒரு வளைகோட்டின் கீழுள்ள பரப்பாகிறது. கூட்டலின் இடத்தில் தொகையீடு வருகிறது, கருத்து மாறவில்லை. மணியின் வடிவான இயல்நிலை வளைகோட்டில், சராசரிக்கு இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் நூற்றுக்கு 68 பங்கும், இரண்டுக்குள் 95 பங்கும், மூன்றுக்குள் ஏறக்குறைய 99.7 பங்கும் அடங்கும்.

இந்த மூன்றாவது எல்லையைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க நிபுணர் வால்டர் ஷுவார்ட், ஆண்டு 1924. கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய பேராசிரியர் மகலனோபிஸின் அழைப்பில், 1947-48-ல் அவர் நம் நாட்டுக்கும் வந்தார். அவர் கூறிய நீதி இதுதான்: அளவு எல்லையைத் தாண்டினால், உளி தேய்ந்ததா, இரும்பு மாறியதா என்று காரணத்தைத் தேடுக. எல்லைக்குள் ஏறி இறங்கினால், அது அந்த முறைக்கே உரிய இயல்பு. அதற்காகக் கடைபவரைக் கடிந்து பயனில்லை. அதைக் குறைக்க யந்திரத்தையும் முறையையும் சீர்திருத்த வேண்டும். அது நிர்வாகத்தின் கடமை.

சராசரியை மட்டும் பார்ப்பவர் கெட்ட யந்திரத்தை நல்லதென்பார். ஒவ்வோர் ஏற்ற இறக்கத்துக்கும் சீறுபவர் நல்ல தொழிலாளியைக் குற்றவாளியாக்குவார். இரண்டு அநீதிகளிலிருந்தும் நம்மைக் காப்பது ஒரு சிறு வர்க்கமூலம்!